வாதி

சுஹார் அலுவலகத்தின் மூன்றாம் மாடி.
ஏசி நேராக என் கழுத்தில் ஊதுகிறது.
மேசையில் தாள் எண் பதினேழு,
ஐம்பத்தெட்டில் அச்சானது,
மடிப்புகளில் துணி ஒட்டியிருக்கிறார்கள்.
ஓரத்தில் யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.
அதையும் குன்று என்று நினைத்துப்
போன வாரம் சமக்கோடு வரைந்துவிட்டான்
புதுப்பையன் ஆரோன்.

நீலப் புள்ளிக்கோடு: எப்போதாவது தண்ணீர்.
பச்சைப் பொட்டுகள்: பேரீச்சை.
கிணறு ஒன்று,
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்
'இருப்பதாகச் சொல்கிறார்கள்.'
யார் சொன்னார்கள் என்று இல்லை.
வடமேற்கு மூலையில் கோடுகள் சட்டென்று நின்று
வெறும் தாள்.
விமானம் அன்று அவ்வளவுதான் பறந்ததோ,
மேகமோ, பெட்ரோல் தீர்ந்ததோ.

என் வேலை, இந்தத் தாளைச்
செயற்கைக்கோள் படத்தின்மேல் உட்காரவைப்பது.
கோட்டைச் சுவர் உட்கார்ந்தது. கணவாய் உட்கார்ந்தது.
ஆறு மட்டும்
நூற்றுப்பத்து மீட்டர் தள்ளி நின்றது.
பழைய ஆள் தப்பாகப் போட்டுவிட்டான் என்றார் குருவிளா சார்.
நானும் அப்படியே குறிப்பெழுதினேன்.

வியாழக்கிழமை,
பெயரிலேயே வியாழன் இருக்கும் கமீஸின் வண்டியில்
போய்ப் பார்த்தோம்.
தாள் சொன்ன இடத்தில் முழங்காலளவு பள்ளம்.
கூழாங்கற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
தண்ணீர் போன திசையை
இன்னும் காட்டிக்கொண்டிருந்தன.
பழைய ஆள் சரி.
தள்ளி ஓடும் ஆறும் சரி.
நடுவே ஒரு வெள்ளம்
எந்தத் தாளிலும் ஏறாமல் வந்து போயிருக்கிறது.

இங்கே காய்ந்த ஆற்றுக்கு வாதி என்று பெயர்.
எங்கள் மொழியில் வாதி என்றால்
வழக்குப் போட்டவர் என்றேன்.
என் அரைகுறை அரபியில்
அதைச் சொல்லிமுடிக்கவே பத்து நிமிடம்.
கமீஸ் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.
அப்புறம் கேட்டார்:
"யார் மேல் வழக்கு?"

பள்ளத்துக்குக் குறுக்கே
தகரக் கூரை, பதினாறு அறை,
கொடியில் ஆரஞ்சுச் சட்டைகள்,
ஒவ்வொரு முதுகிலும் எங்கள் கம்பெனி பெயர்.
உள்ளே யாரோ மிளகாய் தாளித்தார்கள்.
கமீஸ் இரண்டு முறை தும்மினார்.

ஞாயிறு காலை குறிப்பைத் திருத்தினேன்.
தாளில் பிழை இல்லை.
இந்த வரி சுலபம்.
அடுத்த வரிக்கு மதியம் ஆகிவிட்டது.
நீலப் புள்ளிக்கோட்டை அழிக்காமல்
கொட்டகைக்குக் கீழே ஓடவிட்டு,
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்
'வரும் என்று சொல்கிறார்கள்.'

யார் சொன்னது என்ற இடத்தில்
மு. பூங்கோதை,
ஊழியர் எண்ணோடு.