இரண்டரை விரல்

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
வாய்க்குள் விடுங்கள் என்கிறார் டாக்டர் கு சேபோம்.
இரண்டாவது விரலோடு
கதவு நின்றுவிடுகிறது.
காதுக்கு முன்னால் ஒரு சொடுக்கு,
அலை திரும்பும்போது கூழாங்கல்லில் கூழாங்கல் இடிப்பதுபோல.

என்ன வேலை பார்க்கிறீர்கள்?
ஜுமுன்ஜின் சந்தையில்
காய்ந்த கணவாய் தரம் பிரிக்கிறேன்.
எப்படி?
மென்று பார்த்து.

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்கிறார்.
முப்பத்தோரு வருடம், என்கிறேன்,
ஒரு கட்டுக்கு ஒரு கால்.
முன்பெல்லாம் எதிரே தெரியும் கடலின் கணவாய்.
இப்போது பெருவிலிருந்து பெட்டியில் வருகிறது;
அது இன்னும் கெட்டி,
உப்பும் வேறு ஊர் உப்பு.

இரவில் பல்லைக் கடிப்பீர்களா?

போன மார்ச் வரை கேட்டிருந்தால்
தெரியாது என்றிருப்பேன்.
கணவாய் விளக்கைத் தேடி வரும்,
விளக்குக்கு இருட்டு வேண்டும்,
ஆகவே மன்-சொக் இருபத்திரண்டு வருடம்
பகலில் தூங்கினார்.
படகை அரசாங்கம் விலைக்கு எடுத்து
உடைத்துப் போட்ட பிறகுதான்
இருட்டில் என் பக்கத்தில் படுக்கிறார்.
மூன்றாம் நாள் என்னை உலுக்கி எழுப்பினார்:
என்ன தின்கிறாய்?
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததை
இவ்வளவு சத்தமாகவா?

வெறும் வாயைத்தான்
மென்றுகொண்டிருந்திருக்கிறேன்,
அத்தனை வருடமும்,
கேட்க ஆளில்லாமல்.

ஊசி, நரைமுடி கனம்கூட இல்லை.
கடித்தால் கன்னத்தில் புடைக்கும் இடத்தில் ஒன்று,
காதோரப் பள்ளத்தில் ஒன்று,
நெற்றிப்பொட்டில் ஒன்று.
பிறகு கையை நீட்டச் சொல்கிறார்.
வலி தாடையில்தானே?
தெரியும், என்று சொல்லிக்கொண்டே
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில்
குத்துகிறார்.
குத்தியது தெரியவில்லை.
சற்றுக் கழித்து, வலிக்குத் தம்பி முறை ஆகக்கூடிய
ஏதோ ஒரு பாரம்
மணிக்கட்டு வரை நடந்துபோய் உட்கார்ந்தது.

இருபது நிமிடம்.
பல்லோடு பல் படக்கூடாது, உதடு மட்டும் மூடியிருக்கட்டும்.
அப்படியானால் நாக்கு?
ஐம்பத்தெட்டு வயதில்
நாக்கை எங்கே வைப்பதென்று கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்,
முகத்துக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய,
விளக்கை நம்பி மேலே வந்த கணவாய்போல.
திரைக்கு அப்பால் யாரோ
முழங்காலில் ஊசியோடு குறட்டை விடுகிறார்.

ஐந்தாவது முறை போனபோது கேட்டேன்:
குறைந்திருக்கிறது, ஊசியால்தானா?
டாக்டர் கையுறையைக் கழற்றினார்.
ஊசியாக இருக்கலாம்.
இருபது நிமிடம் யாரும் எதுவும் கேட்காமல்
படுத்திருந்ததாகவும் இருக்கலாம்.
நீங்கள் கால் மெல்லுவதை விட்டதும் இருக்கிறது.
எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.
எங்களிடமும் அப்படி ஒரு தரம் உண்டு,
பிரிக்க முடியாதது.
அதற்கென்று ஒரு கூடை வைத்திருக்கிறோம்,
முதலில் விற்றுப்போவது சில நாள் அதுதான்.

இப்போது கத்தரிக்கோலால் வெட்டி, வெளிச்சத்தில் பிடித்து,
மோந்து பார்க்கிறேன்.
பாதி தப்பாகப் போகிறது.
பக்கத்துக் கடை சோல்-நியோ சிரிக்கிறாள்,
அவளுடைய தாடையும் சொடுக்குவது
எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

நேற்று நடு இரவில் மன்-சொக் எழுந்து உட்கார்ந்திருந்தார்.
என்ன?
சத்தம் இல்லை, என்றார்.
படகில் அப்படித்தானாம்:
இன்ஜின் ஓடும்வரை எல்லோரும் தூங்குவார்கள்,
நின்றால் அத்தனை பேரும்
ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வார்கள்.

ஜன்னலுக்குப் போனோம்.
கடலில் விளக்குகள்.
நான்கு, என்று எண்ணினார்.
முன்பு எண்ண முடியாது.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குக் கொட்டாவி வந்தது,
வலிக்குமோ என்று பாதியில் நிறுத்தி,
பிறகு விட்டேன்.

அளந்து பார்த்தேன், இருட்டில்.
இரண்டரை விரல்.