பிக்கப்

காட்பாடி ஸ்டேஷன். விடியல் நாலே முக்கால்.
ஹவுரா வண்டி ரெண்டு மணி நேரம் லேட்.
அட்டையில் நிதாய் மண்டல் என்று
லாட்ஜ்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து
வரைந்து பிடித்திருக்கிறேன்.
இதற்குப் பெயர் பிக்கப். நூற்றெழுபது ரூபாய்,
பெட்டிக்குத் தனி.

ஆளைத் தூக்கித்தான் உட்காரவைத்தோம்
அவர் மனைவியும் நானும்.
எடையே இல்லை.
தூக்குவதற்கும் அதே சொல்தானாம்,
படித்த பையன் ஒருத்தன் ஒருநாள் சொன்னான்.
பெட்டிக்கு வாங்குகிறேன், இதற்கு எப்படி வாங்குவது.

விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், மணலில் ரெண்டு மாடு.
ஏற்றம் பெரிதில்லை, ஆனாலும் வண்டி இழுக்கவில்லை.
'சனியன், பிக்கப்பே இல்ல' என்றேன்.
'பிக்கப்?'
பின்சீட்டிலிருந்து அந்தம்மா பயந்துபோய்க் கேட்டார்.
ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் காட்டினேன்
ட்ர்ர்ர்ர்.
சிரித்தார்.

பாபுராவ் தெருவில் அறை, வாடகைக்கு அடுப்பு,
காலை ஏழு மணிக்கு ஓ.பி. வரிசை.
பத்து நாளில் எனக்கு
கொதாய் வந்தது, கொதோ வந்தது, ஆஸ்தே ஆஸ்தே வந்தது.
யாரும் சொல்லித்தரவில்லை,
நாயுருவி வேட்டியில் ஒட்டுமே, அப்படி.
'பெங்காலி நல்லா பிக்கப் பண்ணிட்ட நைனா'
என்றான் ஸ்டாண்டில் ஜபருல்லா.
எங்கே, எவ்வளவு, மெதுவா மெதுவா.
ஆட்டோவுக்கு அது போதும்.

டாக்டரம்மா சொன்னது வேறு பிக்கப்.
கூடப் போக ஆளில்லையென்று நான் போயிருந்தேன்.
'கவுண்ட் பிக்கப் ஆகணும். பார்ப்போம்.'
அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார்.
எனக்குத் தெரிந்த பிக்கப்பையெல்லாம் துழாவிவிட்டு
வெறுங்கையைக் காற்றில் முறுக்கிக் காட்டினேன்,
சத்தமில்லாமல்.
புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை.

முப்பத்தியோராம் நாள் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.
தேறியா, தேறாமலா,
பில் கட்டும் அவசரத்தில் யாரிடம் கேட்பது.
டிராப்புக்குக் காசு வாங்கவில்லை.
வண்டி நகர்ந்த பிறகுதான் நினைத்தேன்,
பெட்டி நாலு இருந்தது.

போன வாரம் மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை.
நேற்று ராத்திரி, சவாரி இல்லாத நேரம்,
பிக்கப் ஆனது.
அப்போதுதான் தெரிந்தது, 'எப்படி இருக்கிறார்' என்பதற்கு
வங்காளத்தில் எனக்குச் சொல் இல்லை.
எங்கே என்று கேட்கலாம். எவ்வளவு என்று கேட்கலாம்.
'பிக்கப்?' என்றேன்.

ஒரு மூச்சு. தூரத்தில் கோழியோ குழந்தையோ.
பிறகு வாயாலேயே, அந்தம்மா,
ட்ர்ர்ர்ர்.

ஏறுகிற சத்தமா இறங்குகிற சத்தமா
என்று காதை அழுத்துவதற்குள்
லைன் போய்விட்டது.