ஒன்பது சதுர மீற்றர்

கொட்டாஞ்சேனையில் காற்றாடி இரண்டில் சுழல
உன் மலையை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன், றெஜினோ.
கந்தோரில் களவாய் அச்செடுத்த வரைபடம்.
அப்ருட்சோ என்ற எழுத்தின் மேல்
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்
பெயரில்லாத ஏரியாய்க் கிடக்கிறது.

உன் ஊர் ஆயிரத்து முந்நூறு மீற்றராம்.
நுவரெலியா அதைவிட உயரம், தெரியுமா?
அங்கே ஒரு மெல்லிய கார்டிகனோடு
பள்ளிக்கூடச் சுற்றுலா போய் வந்தவள் நான்.
பிறகென்ன குளிர் குளிர் என்று புழுகுகிறாய் என்றால்
"பனிக்கு உயரம் வாசிக்கத் தெரியாது அக்கா,
மாதம் மட்டுந்தான் தெரியும்" என்கிறாய்.

சரி, மாதம் பார்ப்போம்.
ஒக்ரோபரில் ஆடுகள் கீழே இறங்கும், நீயும் இறங்குவாய்.
ஜனவரியில் பாதை மூடிவிடும்.
ஏப்ரல் குட்டி போடுகிற காலம், உனக்கு நித்திரையில்லை.
ஓகஸ்ட் ரிக்கெற்றுக்கு என் நாலு மாதச் சம்பளம் வேணும்.
மிச்சம் ஜூன்.
ஜூனில் இங்கே அந்தோனியார் திருநாள்,
கொச்சிக்கடையில் சனம் நெரியும்,
நான் இல்லாமல் ஒரு வருசமும் போனதில்லை.
பரவாயில்லை, பதுவைக்காரர்தானே,
உங்கட பக்கம் வாறன் என்றால் கோவிக்க மாட்டார்.

ரோமிலிருந்து சுல்மோனா வரை சுகம்.
அதற்கு மேலே சின்ன பஸ் ஒன்று,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்,
அதுவும் பள்ளிக்கூடம் நடந்தால்.
ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் இல்லை என்கிறாய்.
நூற்றெழுபத்தாறு இரைந்து போகும்போதெல்லாம்
யன்னல் கண்ணாடி நடுங்குகிற வீட்டில் இருந்துகொண்டு
இதை எப்படி நம்புவது?
"பால் வண்டி வரும், ஏற்றுவான்."
பால் வண்டி என்று பயணத் திட்டத்தில் எழுதலாமா, றெஜினோ?

எழுதக்கூடாதாம்.
விசாக் கந்தோரில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பிள்ளை
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.
வங்கிக் கணக்கு சரி, காப்புறுதி சரி,
தங்குமிடத்தில் மட்டும் பேனையால் ஒரு வட்டம் போட்டாள்.
யாருடைய வீடு? எத்தனை சதுர மீற்றர்?

அன்றிரவே உன்னிடம் கேட்டேன்.
இரண்டு நீலச் சரி.
பதில் இல்லை.
அடுத்த நாளும் இல்லை.

பதினொரு வருசமாய் நீ அனுப்பிய படங்களைத்
திரும்ப ஒருக்கால் பார்த்தேன்.
மலை. அதன் முதுகில் இன்னொரு மலை.
கழுத்தில் முள்ளுப் பட்டி கட்டின வெள்ளை நாய்.
புல்லில் சாய்த்து வைத்த உன் சப்பாத்து.
வெயில் விழுந்த மந்தை, மழை விழுந்த மந்தை.
ஒரு படத்திலும்
ஒரு கதவு இல்லை.

மூன்றாம் நாள் விடியப்புறம் வந்தது:
"ஒன்பது. தகரம்.
நானும் நாயும்."
கொஞ்சம் கழித்து,
"வரேக்க சித்தாலேப கொண்டு வா."

நான் ஒன்றும் எழுதவில்லை.
எழுத என்ன இருக்கிறது?
மத்தியானம் அரை நாள் லீவு போட்டுப்
புறக்கோட்டைக்குப் போனேன்.
நடைபாதையில், பொதி பிரித்துக் கொட்டின பழைய உடுப்புக் குவியலில்
கைவிட்டுக் கிளறி
ஒரு கம்பளிக் கோட்டு எடுத்தேன்.
சாம்பல் நிறம், ஒரு பொத்தான் இல்லை,
கடைக்காரன் நிஸ்தார் சொன்ன விலையில் பாதி.
கழுத்துப் பட்டியில் ஏதோ உன் ஊர்ப் பாஷை.
படம் பிடித்து அனுப்பினேன்: இது என்ன சொல்லுது?

உடனே குரல் வந்தது.
பின்னால் மணிகள், காற்று, நீ சிரிக்கிறாய்.
"தண்ணியில போடக்கூடாதாம் அக்கா."

அப்போது பார்த்து
பிரதான வீதி முழுக்க மழை.
தலைக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டு
பஸ் நிலையம் வரை ஓடினேன்.

இப்போது அது யன்னல் கம்பியில் சொட்டுகிறது.
படிவத்தில் ஒன்பது என்று எழுதிவிட்டேன்.
தங்குவோர்: இரண்டு.
நாய்க்குக் கட்டம் விடவில்லை அவர்கள்.
நனைந்த கம்பளி அறை முழுக்க நாறுகிறது.
ஆடும் இப்படித்தான் நாறுமா என்று
நாளைக்குக் கேட்க வேணும்.