இருபத்திரண்டு நொடி

முடிச்சு விழும் நொடிக்குக் கெட்டிமேளத்தை
இழுத்துவந்து பொருத்துவது என் தொழில்.
மேளம் ஒரு இமை முந்தினாலும்
பெண்ணின் தாய்மாமன் போன் போட்டுவிடுவார்.

பங்குனியில் பைபாஸ் ரோட்டில் வண்டி சறுக்கி
இடது கால் மாவுக்கட்டுக்குள் போனது.
விளாங்குடியில் இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த அடுக்ககத்தின் சுவர்,
அதில் ஓர் ஏசி பெட்டி, சொட்டும் தண்ணீர்.
தண்டவாளம் அதற்கும் அப்பால்.
காதுக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை.

கூடல் நகரில் பெனிட்டோ என்றொரு பையன்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில்
கேமராவைக் கட்டி வைத்திருக்கிறான்.
இரவும் பகலும் நேரலை.
சத்தம் கிடையாது. மைக்கை மழை தின்றுவிட்டதாம்.

முதல் நாள் சும்மா பார்த்தேன்.
மூன்றாம் நாள் நோட்டு போட்டேன்.
தூத்துக்குடி நிலக்கரி: ஐம்பத்தெட்டு பெட்டி, கடைசியில் கார்டு.
அரிசி: நாற்பத்திரண்டு. பின்னாலேயே புறாக்கள்.
டேங்கர்: எண்ணும்போது கரண்ட் போனது.

ஹாரன் ஜன்னல் வழியே முதலில் வரும்.
ரயில் திரையில் பிறகு வரும்.
தொழில் புத்தி விடுமா, அளந்து பார்த்தேன்.
இருபத்திரண்டு நொடி.
என் மேசையில் என்றால் விரலால் நகர்த்திவிடுவேன்.

புதன் இரவு மஞ்சள் இயந்திரம் ஒன்று ஊர்ந்து வந்தது.
இரும்பு விரல்களை ஜல்லிக்குள் குத்தும், அதிரும்,
எடுக்கும், அடுத்த சிலீப்பர்.
பின்னால் தலைவிளக்கோடு ஒன்பது பேர்.
ஒரு பெண் குனிந்து
தண்டவாளத்தின்மேல் ஒற்றைக் கண்ணை ஓடவிட்டாள்,
கொத்தனார் நூல் பார்ப்பதுபோல.
எழுந்து கையாட்டினாள்: இன்னும் கொஞ்சம்.
மறுபடி குனிந்தாள். இன்னும் கொஞ்சம்.
மூன்றரை மணிக்குத்தான் அவளுக்குத் திருப்தி.
எனக்கும்.

பகலில் கீமேன் வருவார், தனியாக.
ஆரஞ்சுச் சட்டை, தோளில் நீளச் சாவி.
கிளிப் தளர்ந்த இடத்தில் நின்று இரண்டு அடி.
சுத்தியல் இறங்குவது மட்டும் தெரியும்.
அதனால் "ணங்" என்பேன் நான், இங்கிருந்து.
"யார்கூடப் பேசுறீங்க?" என்பாள் முத்துச்செல்வி,
அடுப்படியிலிருந்து.

சித்திரை நாலாம் தேதி, காலை ஒன்பது நாற்பது.
அவர் குனிந்திருந்தார்.
இரண்டு லைனும் ஒன்றாய்த் தெரியும் கோணம் அது.
எதில் நிற்கிறார் என்று சொல்ல முடியாது.
ஜன்னலில் ஹாரன்.
நீளமாக ஒன்று. உடனே இன்னொன்று. நிறுத்தாமல் மூன்றாவது.
அப்படி அடித்து நான் கேட்டதில்லை.

திரையில் அவர் குனிந்தே இருந்தார்.
சுத்தியல் ஏறியது.

இறங்கியது.

ஜன்னலில் பெட்டிகள் தடதடவென ஓடத் தொடங்கிவிட்டன.
நடந்தது நடந்துவிட்டது, என்னவென்று தெரியாது.
"ஏய்!" என்று கத்தினேன்
நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்து.
முத்துச்செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள்.
அவளுக்குச் சொல்ல
பதினொரு நொடி மிச்சமிருந்தது.
சொல்லவில்லை.

திரையில் அவர் தலை நிமிர்ந்தது.
அவசரமே இல்லை அவருக்கு.
சாவியை எடுத்தார், சுத்தியலை எடுத்தார்,
ஓரத்தில் வைத்த தூக்குவாளியையும்
நினைவாக எடுத்துக்கொண்டு
ஜல்லிச் சரிவில் இறங்கி நின்றார்.
பச்சைக் கொடியை விரித்தார்.
எஞ்சின் வந்தது, சத்தமில்லாமல்.
நிலக்கரித் தூசுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
அவ்வளவுதான்.

"என்னங்க ஆச்சு?"
"ஒண்ணுமில்ல. சத்தம் முந்திருச்சு."

நோட்டில் அன்றைய வண்டிக்கு எதிரே எண்ணிக்கை இல்லை.

கார்டு வண்டி போனதும்
அவர் அதே கிளிப்புக்குத் திரும்பினார், பாக்கியிருந்த ஓர் அடிக்கு.
தண்ணீர் குடித்தார்.
பாட்டில் மூடி நழுவியிருக்க வேண்டும்.
வெகுநேரம் ஜல்லியைக் காலால் கிளறித் தேடினார்.
எனக்குத் தெரிந்தது அது எங்கே என்று.
நீலமாக, சிலீப்பர் ஓரத்தில்.