இடது பக்கத்துக் கால்

பஞ்சிகாவத்தையில், டயர்க் கடைக்குப் பின்னால்
எனக்கு ஒரு தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர்,
பகல் முழுக்க மற்றவர்களின் ஹோர்ன்.

லாபிர் நானா றிவேர்சில் வந்து
என் வாசலை அடைத்து லொறியை நிறுத்தினார்.
"காத்து வருது, கூல் இல்ல.
கேஸ் அடிச்சித் தா தம்பி."
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.
வயிற்றுவலிக்குச் சோடா,
வெக்கைக்குக் கேஸ்.

"அதோட இவன்," என்று கிளீனரைக் காட்டினார்,
"தண்ணிப் போத்தல ஊத்தி ஊத்தி
கார்ப்பெட்டே ஊத்தையாப் போச்சு."
இன்பராஜ் ஒன்றும் பேசாமல் இறங்கி
கான் ஓரத்தில் குந்தினான்.
கழற்றி வைத்த செருப்புக்குப் பக்கத்தில்
அவன் பாதங்கள் வெளுத்துச் சுருங்கி இருந்தன,
அப்போதுதான் குளித்து வந்தவனுடையதைப் போல.

காற்று வரும் இடத்தில் மூக்கை வைத்தேன்.
ஈரச் சாக்கு. அதற்கு அடியில் வெங்காயம்.
அதற்கும் அடியில்
நோன்மதி விடுமுறைக்குப் பூட்டிவைத்த கிட்டங்கி.
"கேஸ் இல்ல நானா. பெட்டியத் திறக்கணும்."

லாச்சியைக் கழற்றினேன்:
இன்சூரன்ஸ் கடதாசி, பாதி பனடோல் அட்டை,
ஒரு தஸ்பீஹ். அதை மட்டும் துடைத்து
அவர் கையில் கொடுத்தேன்.
பத்தாம் நம்பர் நட்டு நாலு.
ஐந்தாவதை எனக்கு முன்னால் யாரோ தொலைத்துவிட்டார்கள்.

கீழ்மூடி கழன்றதும் மடியில் வந்து விழுந்தது
ஐந்தாம் குறுக்குத் தெரு.

வெங்காயத் தோல்.
ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி,
தோலோடு தோல் ஒட்டி
அலுமினியத் தகடுகளுக்கு ஒரு சிவப்புச் சட்டை.
செத்தல் மிளகாய்த் தூசி (மூன்று தும்மல்).
சாக்கு நூல். கரப்பான் சிறகு.
லொத்தர்ச் சீட்டின் ஒரு மூலை,
இலக்கம் இல்லாத மூலை.
கொஞ்சம் பஞ்சு: எலி ஒன்று குடிவந்து பார்த்து
வாடை தாங்காமல் போயிருக்க வேண்டும்.

விரலால் உரித்தேன். பிறகு பிரஷ்.
காற்றை உள்ளிருந்து வெளியே மெதுவாக அடித்தேன்,
பலமாக அடித்தால் தகடு படுத்துவிடும்.
படுத்திருந்தவற்றைச் சீப்பால் நிமிர்த்தினேன்
ஒவ்வொன்றாக. நானா இரண்டு தரம் மணி பார்த்தார்.

கடைசியாக வடிகுழாய்.
சைக்கிள் கம்பியை விட்டேன், போகவில்லை.
திருகி இழுத்தேன்.
கரிய களி, பெருவிரல் நீளம்,
அதன் பின்னால் ஒரு கோப்பைத் தண்ணீர்.

நானா கேட்கவில்லை, நான் சொன்னேன்:
குளிர்ந்தால் தகடு வியர்க்கும்.
வியர்வை வெளியே போக இந்த ஒரு வழிதான்.
இது அடைத்தால் உள்ளே இறங்கும்,
இடது பக்கமாக.
இடது பக்கத்தில் டிரைவர் இருப்பதில்லை.

கொஞ்ச நேரம் டயர்க் கடை ரேடியோ மட்டும்.

"நான்தான் ஊத்துறேனோன்னு
எனக்கே டவுட் வந்திருச்சு அண்ணே,"
என்றான் இன்பராஜ், என்னைப் பார்த்து.
தம்புள்ளைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில்
எட்டு மாதம், வாரம் நாலு ஓட்டம்.
நான் கணக்குப் போடவில்லை.
நானா போட்டிருப்பார்.
சாறத்தை மடித்துக் கட்டி
இடது பக்கத்து மிதியடியை இழுத்தெடுத்து
பைப்படிக்குக் கொண்டுபோனார்,
சவர்க்காரம் எங்கே என்று
டயர்க் கடைக்காரனிடம் சத்தம் போட்டார்.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் பண்ணினோம்.
ஐந்து நிமிடத்தில் கண்ணாடி ஓரம் பனித்தது.
இன்பராஜ் உள்ளே ஏறவில்லை.
பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்:
தாரில் ஒரு சொட்டு,
நாங்கள் மறந்துபோன பிறகு இன்னொரு சொட்டு.

கூலியில் ஐந்நூறு குறைக்கச் சொன்னார் நானா,
ஒன்றுமே நடக்காதது போல. குறைத்தேன்.

அவர்கள் போனபின் தோல்களைக் கூட்டி
கானுக்குள் தள்ளப் போனவன் நின்றேன்.
மழைக்காலம்.
அதுவும் ஒரு குழாய்தான்,
அதற்கும் ஒரு இடது பக்கம் இருக்கும்.

சாக்கில் கட்டி வைத்தேன். குப்பை லொறி
செவ்வாய்க்கிழமை வரும், வந்தால்.