மூன்றாவது முழங்கை

புதுவயல் ஆலையில் தவிட்டுக்குக் கால் கிடையாது.
குழாய் உறிஞ்சும்; அது ஓடும்.

காரைக்குடிக்குக் கடைசிப் பேருந்தும் போயாயிற்று.
இரண்டேகாலுக்கு
வெற்றிடமானியின் முள் சிவப்பைத் தொட்டது.

ஸ்பானரால் தட்டிக்கொண்டே போனேன்.
கணீர், கணீர், கணீர்.
மூன்றாவது முழங்கையில் மட்டும்
தொம்.

"எதையோ முழுங்கியிருக்கு"
ஏணியைப் பிடித்தபடி கீழிருந்து சாத்தையா.

கிளாம்ப்பைக் கழற்றினேன்.
ஈரத் தவிடு, சாக்குப் பிசிறு,
அதற்குள் சுருண்டு
என் வண்டித் தவணை ரசீது.
முந்தாநாள் சிவப்பியோடு சண்டை
இதைத் தொலைத்ததற்குத்தான்.

மூடி முறுக்கி மோட்டாரைப் போட்டதும்
முள் இறங்கியது.
சலசலவென்று ஏறியது தவிடு.
ஒன்றுமில்லாததுதான் இழுக்கிறது
இத்தனை மூட்டையையும்.

ரசீதைத் தட்டி விளக்கடியில் பிரித்தேன்:
பாக்கி பதினேழு.