நடுவில் ஒரு குழாய்

நாற்பதைத் தாண்டினால் பின்சக்கரம்
தொண்டைக்குள் உறுமத் தொடங்கிச் சில வாரங்கள்.
"பதினாறு வருஷமா ஓடுது, இன்னும் ஓடும்" என்றான்
கொழுந்தன் கான்போல்ட்.
பெயரில் எஃகு இருக்கிறது. கையில் ஸ்பேனர் கிடையாது.

டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்.
டக்.
ஆடும் பல்லை நாக்கு சும்மா விடுமா?
மறுபடி ஆட்டினேன். டக்.

வெள்ளை மாதம் பிறக்க ஒன்பது நாள்.
வீட்டுக்காரர் மந்தையோடு மலைக்கு அந்தப்பக்கம்.
பள்ளி விடுதி அறுபது கிலோமீட்டர்,
வழியில் ஓர் ஆறு, உறைந்த ஆறு.
நொமின் இந்நேரம் பெட்டியைக் கட்டி வைத்திருப்பாள்.

மலையடிக் கடையில் பேரிங் இருந்தது,
மெழுகுவர்த்திக்கும் மிட்டாய் டப்பாவுக்கும் நடுவே.
எண் அதே. செய்த நாடு வேறு.
"ரஷ்யச் சரக்கு வர்றதில்ல" என்றாள் கடைக்காரி,
தன் தப்புபோல.
விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன்.
மோதிரம் மாதிரி இருக்கு என்று சிரித்தாள்.
கல்யாணத்தில் எனக்கு மோதிரம் வரவில்லை.
இந்த இஷ் வண்டிதான் வந்தது.

சூடு விரிக்கும், குளிர் சுருக்கும்.
எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
புதிய இரண்டையும் எண்ணெய்த் தாளோடு
ராத்திரி கூடாரத்தின் மேல் வைத்தேன், நாய்க்கு எட்டாமல்.
மைனஸ் முப்பத்தொன்று.
மின்சாரம் கேட்காத ஃப்ரிட்ஜ்.

காலையில் டயரை உரித்து, ட்யூபை உருவி,
தேநீர்ச் சட்டியை இறக்கிவிட்டுச்
சக்கரத்தை அடுப்பில் கிடத்தினேன்.
அழுக்கை ஏற்றியதற்கு நெருப்பிடம் மன்னிப்புக் கேட்டு
ஒரு துளி வெண்ணெய்.
சாணம் கனன்றது. ஹப்பில் ஒரு சிட்டிகை பனி வைத்தேன்,
சீறிக்கொண்டு துள்ளி ஓடியது.
கம்பியை நுழைத்து உள்வளையத்தில்
இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று தட்ட
விழுந்தது. கூடவே ஏதோ உருண்டு
கட்டிலுக்கு அடியில் போனது.
கிரீஸ் இருந்த இடத்தில் செம்மாவு.
குண்டுகளில் ஒன்று பாதிதான் மிச்சம்.
இதன்மேல்தான் போன மாதம் அவளை உட்காரவைத்து,
சரி. அடுத்ததைத் தட்டினேன்.

புதியது விரல்தோலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
ஹப்பின் வாயில் வைத்தேன்.
தானே இறங்கியது. பழையதை மேலே வைத்து
இரண்டே தட்டு.
திருப்பினேன். மற்றதும் இறங்கியது.
இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்போது பின்னாலிருந்து விசில்.
சின்னவன் தெமூலென், நாலு வயது,
கட்டிலில் சம்மணம் போட்டு ஊதுகிறான்.
நடுவிரல் நீளம், கறுப்பு,
இரு பக்கமும் திறந்த குழாய்.
இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்க வேண்டியது.
அது இல்லாமல் அச்சு நட்டை இறுக்கினால்
இரண்டும் ஒன்றையொன்று இழுத்து நெரித்துக்கொள்ளும்.

அடிக்கவில்லை. நன்றாகத்தான் ஊதினான்.

மறுபடி அடுப்பு.
தன் கனத்தில் தானே விழும் என்று காத்திருந்தேன்.
விழவில்லை.
உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் காயப்படும், தெரியும்.
இன்னொன்று வாங்கப் பணமும் இல்லை நாளும் இல்லை.
அடித்தேன். எண்ணிக்கொண்டே, ஒன்பது.
எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில்
மணலளவு தயக்கம்.
அதனுடையதா, என் விரலுடையதா?
குழாயை நடுவில் நிறுத்தி
அதையே திரும்ப இறக்கினேன்.
இடப்பக்கம். யாரிடமும் சொல்லவில்லை.

கான்போல்ட் வந்து டயரை ஆட்டினான். டக் இல்லை.
"சொன்னேன்ல, நல்ல வண்டி."

திரும்பும் வழியில், ஆற்றின்மேல்,
நொமின் என் முதுகில் கன்னத்தைப் பதித்துப்
பேசிக்கொண்டே வந்தாள்:
விடுதி சூப்பு, கணக்கு டீச்சர்,
தோழி ஒருத்தி பேசுவதை நிறுத்திக்கொண்டது.
ம் என்றேன். ம்.
என் காது பின்னால் இடப்பக்கம் கிடந்தது,
எஞ்சினுக்கும் பனி நொறுங்கும் சத்தத்துக்கும் அடியில்.
நாற்பது. நாற்பத்தைந்து.
"அம்மா, கேக்குறியா?"
"கேட்டுக்கிட்டேதான் வர்றேன்" என்றேன்.